நாக்ஸ் சென்சார் மாத்தணும்னு எஸ்டிமேட் குடுத்தா முதல்ல இங்க காட்டுங்க

நாமக்கல் திருச்சி ரோட்டுல இருக்கிற இந்த ஒர்க்‌ஷாப்புக்கு நாக்ஸ் சென்சார் (புகையில இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடு வாயுவ அளக்கறது) வேலைக்குன்னா தைரியமா வண்டிய விடலாம், மத்த வேலைக்கு எப்படின்னு எனக்கு தெரியாது.

என்னோடது பிஎஸ்6 டாரஸ் லாரி. செக் லைட் விழுந்துச்சு, அப்பறம் பிக்கப்பும் கட் ஆகி லோடோட மேடு ஏற மாட்டேன்னு நின்னுருச்சு. கம்பெனி சர்வீஸ்ல ஸ்கேனர் மாட்டுனாங்க, பி20ஈஈ கோடு வந்துச்சு, உடனே இன்லெட் அவுட்லெட் ரெண்டு நாக்ஸ் சென்சாரும் மாத்தணும்னு பெரிய எஸ்டிமேட்டா நீட்டிட்டாங்க. எஸ்சிஆர் (புகையில நாக்ஸ குறைக்கிற அமைப்பு, அதுக்கு முன்னாடி இன்லெட் சென்சார், பின்னாடி அவுட்லெட்) சரியா வேலை செய்யலன்னு மட்டும்தான் அந்த கோடு சொல்லும், அதுக்கு ஊத்தற ஆட்ப்ளூன்ற யூரியா தண்ணி மட்டமா இருந்தாலும் வரும், அத பைப்புக்குள்ள தெளிக்கிற டோசர் அடைச்சாலும் வரும், சைலன்சர் லீக் இருந்தாலும் வரும்னு இங்க இருக்கிற அண்ணன் சொல்லித்தான் எனக்கு தெரியும்.

இவரு பார்த்த விதமே வேற. முதல்ல டேங்குல இருந்து ரெண்டு சொட்டு ஆட்ப்ளூ எடுத்து ஒரு சின்ன மீட்டர்ல வச்சு பார்த்தாரு, யூரியா 32.5 சதவீதம் இருக்கணுமாம், சரியா இருந்துச்சு. அப்பறம் சென்சார் பிளக்க கழட்டி 24 வோல்ட் வருதா, எர்த் சரியா இருக்கான்னு பார்த்துட்டு, பேட்டரிய ஆஃப் பண்ணி சென்சார் தகவல் போற கேன் ஒயர் ரெண்டுக்கும் நடுவுல 60 ஓம்ஸ் காட்டுதான்னு வேற பார்த்தாரு. எல்லாம் ஓகே. டோசர கழட்டுனா வாயில வெள்ள வெள்ளயா உப்பு மாதிரி கட்டியிருந்துச்சு, சுடுதண்ணி ஊத்தியே கரைச்சுட்டாரு, அதுக்குன்னு தனியா காசு கூட போடல.

அதுக்கு மேலதாங்க விஷயமே. லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு கேபின்ல ஏறுனாரு, டிரைவர வண்டிய நல்லா சூடாகற வரைக்கும் ஓட்ட சொன்னாரு, ஏன்னா பைப்புல ஈரம் காஞ்சாத்தான் சென்சார் ஹீட்டரே ஆன் ஆகுமாம், அதுவரைக்கும் ரீடிங்கே வராது. சூடானதும் கியர்லயே வச்சு ஆக்சிலேட்டர விட சொன்னாரு. அப்ப டீசல் கட் ஆயிரும், எரியறதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால ரெண்டு சென்சாரும் ஜீரோ பக்கம் வந்தாகணும். இன்லெட் சரசரன்னு இறங்குச்சு, அவுட்லெட் 180 பிபிஎம்லயே அசையாம உக்காந்திருந்துச்சு. "பொய் சொல்றது இதுதாங்க, அது நல்லாத்தான் இருக்கு"ன்னு ஸ்கிரீன காட்டுனாரு. நாலு தடவ திரும்ப செஞ்சும் அதேதான்.

அவுட்லெட் மட்டும் மாத்துனோம். சென்சாரும் அதோட ஒயர்ல வர்ற எலக்ட்ரானிக் பெட்டியும் ஒரே செட்டு, ஒயர வெட்டி பழைய பெட்டில ஜாயின்ட் போட்டா ரீடிங் தப்பா வரும்னு, கம்மில முடிச்சு தர்றேன்னு சொல்றவங்கள நம்பாதீங்கன்னாரு. மாட்டும்போது முனையில கை படாம புடிச்சு, டார்க் ரெஞ்ச் வச்சுத்தான் டைட் பண்ணாரு. உள்ள இருக்கிறது பீங்கானாம், கீழ போட்டா போச்சு. புது சென்சார் மேல சூடா இருக்கும்போது வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் தண்ணி அடிக்காதீங்கன்னு டிரைவர்கிட்டயும் தனியா சொல்லி விட்டாரு. கோடு அழிச்சு, எஸ்சிஆர் ரீசெட் போட்டு, மறுபடி ஒரு ரவுண்டு ஓட்டி ரெண்டு ரீடிங்கும் இறங்கறத காட்டிட்டுத்தான் சாவிய குடுத்தாரு. இப்ப லோடோட நல்லா இழுக்குது, லைட் திரும்ப வரல.

நான் இருக்கும்போதே ஒருத்தர் வந்து எஸ்சிஆர், சென்சார் எதுவும் வேலை செய்யாத மாதிரி சாப்ட்வேர்ல எல்லாத்தையும் டெலீட் பண்ணி விட்ருங்கன்னு கேட்டாரு, அந்த வேலை இங்க இல்லீங்கன்னு அனுப்பிட்டாரு. எனக்கு அது புடிச்சுது.

குறையும் இருக்கு. உக்கார இடம் கிடையாது, போன் அடிச்சா எடுக்கவே மாட்டாங்க, ஸ்கேன் பாக்கறது அவரு ஒருத்தர்தான்றதால முன்னாடி ரெண்டு வண்டி நின்னா அன்னிக்கு உங்களுது நடக்காது. சென்சாருக்கு பில் குடுக்கறாங்க, லேபருக்கு கேட்டு வாங்கிக்கணும். வண்டிய லோடு இறக்கிட்டு கொண்டு போங்க, உள்ள திருப்பற இடம் ரொம்ப குறுகல்.