புராஜெக்ட் செர்ச்: பயிற்சிக்கு முழு மதிப்பெண், சம்பளத்துக்கு இல்லை

அமெரிக்காவில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகள் பள்ளியின் கடைசி ஆண்டை நெருங்கும்போது, ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி மாணவருக்கென்று பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டங்களில் அடிக்கடி அடிபடும் பெயர் புராஜெக்ட் செர்ச். பள்ளிக்குப் போவதற்குப் பதிலாக, ஒரு முழுக் கல்வி ஆண்டையும் மருத்துவமனையிலோ பெரிய நிறுவனத்திலோ கழித்து, அங்கேயே வேலை பழகும் இன்டர்ன்ஷிப் திட்டம் இது. பயிற்சியின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பெரும்பாலான தளங்களில், அதாவது திட்டம் நடக்கும் இடங்களில், அந்த ஓராண்டு உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. இது பெரிய குறை, சரிசெய்யக்கூடிய குறையும்கூட.

திட்டம் பிறந்த விதத்திலேயே அதன் பலம் இருக்கிறது. 1996-இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவை நடத்திவந்த செவிலியர் எரின் ரீலுக்கு ஒரு தலைவலி: மருத்துவப் பொருட்களை அலமாரிகளில் நிரப்பி வைக்கும் வேலைக்கு வருபவர்கள் நிலைப்பதில்லை. கிரேட் ஓக்ஸ் தொழிற்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த சூசி ருட்கவ்ஸ்கியுடன் சேர்ந்து அந்த வேலையை மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பரிதாபப்பட்டு உருவாக்கிய வேலை அல்ல. ஆள் இல்லாமல் உண்மையிலேயே தடுமாறிய வேலை. நல்ல தளத்தையும் மோசமான தளத்தையும் பிரித்துப் பார்க்க இன்றும் இந்த ஒரு கேள்வி போதும்: மாணவர் ஒருநாள் வராவிட்டால் அந்தப் பிரிவில் யாராவது சிரமப்படுவார்களா?

நடைமுறை இப்படி. ஒரு தளத்தில் சுமார் 10 முதல் 12 மாணவர்கள், ஒரு சிறப்பு ஆசிரியர், வேலையிடத்தில் பக்கத்தில் இருந்து பழக்கும் ஜாப் கோச்கள் இரண்டு மூன்று பேர். இடம் தரும் நிறுவனம் கட்டடத்துக்குள்ளேயே ஒரு வகுப்பறையும், பிரிவுகளோடு பேசி ஏற்பாடு செய்ய ஓர் ஊழியரையும் ஒதுக்குகிறது. காலையில் சுமார் ஒரு மணி நேரம் வகுப்பு, பிறகு நான்கு ஐந்து மணி நேரம் பிரிவில் வேலை. ஏறத்தாழ பத்துப் பத்து வாரங்களாக மூன்று வெவ்வேறு பிரிவுகள்.

பலன் உண்டா என்றால், உண்டு. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகக் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 21 வயதுள்ள ஆட்டிசம் மாணவர்களில் திட்டத்தில் சேர்ந்த 24 பேரில் 21 பேருக்கு வேலை கிடைத்தது. சேராத 16 பேரில் ஒருவருக்குத்தான். சிறிய ஆய்வுதான். அதோடு, அங்கே வழக்கமான திட்டத்துக்கு மேல் ஆட்டிசத்துக்கென்றே கூடுதல் உதவிகள் சேர்க்கப்பட்டிருந்தன. அந்த உதவிகள் இல்லாத தளம் இதே எண்ணைக் காட்டி விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

மாணவரின் பலத்தை வைத்து வேலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் தளத்துக்குத் தளம் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. பலம் என்றால் ‘நல்ல பையன், சொன்னதைக் கேட்பான்’ என்று எழுதுவதல்ல. ஒரே வேலையை எவ்வளவு நேரம் கவனம் சிதறாமல் செய்கிறார், ஒன்று இடம் மாறியிருந்தால் கண்டுபிடிக்கிறாரா, வரிசைப்படி செய்வது பிடிக்கிறதா, ஆட்களோடு பேசும் வேலையா தனியே செய்யும் வேலையா எதில் முகம் மலர்கிறது, எந்தச் சத்தம் தாங்காது என்பதையெல்லாம் நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும். பேட்டி வைத்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. அரைநாள் வேலையைச் செய்யவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்திகரித்து, தட்டில் அடுக்கி அனுப்பும் பிரிவு. எந்தத் தட்டில் எந்தக் கருவி, எத்தனை என்பதற்கு அச்சிட்ட பட்டியல் உண்டு. சின்ன வேறுபாட்டையும் விடாமல் கவனிக்கும் மாணவருக்கு இது பொருத்தமான இடம். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் கருவியின் படத்தை ஒட்டி, ஒவ்வொன்றாக ‘டிக்’ செய்யவைத்தால் வாசிப்பில் பின்தங்கியவரும் செய்துவிடலாம். கெட்டுப்போவது எங்கே தெரியுமா? மருத்துவர் தட்டின் உள்ளடக்கத்தை மாற்றுவார், அச்சுப் பட்டியல் மாறும், படப் பட்டியலை மாற்ற யாருக்கும் ஞாபகம் வராது. தவறு மாணவர் தலையில் விழும். அசல் பட்டியலைத் திருத்துபவரே படப் பட்டியலையும் திருத்த வேண்டும் என்று முதல் வாரத்திலேயே பெயர் சொல்லி எழுதி வையுங்கள்.

மூன்று பிரிவுகளும் துணி மடிப்பது, மேசை துடைப்பது, தட்டு கழுவுவது என்றே அமைந்தால் அது சுழற்சியே அல்ல. எந்த வேலை தனக்கு ஒத்துவரும் என்று மாணவர் தெரிந்துகொள்ளத்தான் மூன்று பிரிவுகள்.

அடுத்தது ஜாப் கோச். முதல் இரண்டு வாரம் பக்கத்திலேயே நிற்கலாம். மூன்றாம், நான்காம் வாரத்தில் அதே அறையில் தள்ளி நிற்க வேண்டும். ஆறாம் வாரத்துக்குள் ஒரு நாளைக்கு இரண்டு முறை எட்டிப் பார்த்தால் போதும் என்ற நிலை வர வேண்டும். சந்தேகங்களுக்குப் பிரிவின் ஊழியரே பதில் சொல்லப் பழக வேண்டும். எட்டாம் வாரத்திலும் கோச் தோளோடு தோளாக நின்றால், சூப்பர்வைசர் மாணவரிடம் பேசாமல் கோச்சிடமே பேசுவார். அவருக்கு மாணவரின் திறமை கண்ணிலேயே படாது. வேலை தரவும் மனம் வராது. கோச் படிப்படியாக விலகும் திட்டத்தை வாரவாரியாக எழுத்தில் கேளுங்கள்.

இனி சம்பளம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் வழிகாட்டுதல், மாற்றுத்திறனாளி மாணவரின் ஊதியமில்லாத பயிற்சிக்குப் பொதுவாக ஓர் அளவு வைக்கிறது: ஒரு வேலைக்கு, அறிமுகத்துக்கு 5 மணி நேரம், மதிப்பீட்டுக்கு 90, பயிற்சிக்கு 120. இதைத் தாண்டினாலே சம்பளம் கட்டாயம் என்று ஆகிவிடாது. ஆனால் மாணவரின் உழைப்பால் நிறுவனத்துக்கு நேரடி லாபம் வருகிறதா, வழக்கமான ஊழியரின் இடத்தை அவர் நிரப்புகிறாரா என்ற கேள்விகள் எழும். பத்து வாரம், நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 200 மணி நேரம். கைதேர்ந்த பிறகு செய்வது பயிற்சி அல்ல, வேலை. வேலைக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும்.

‘பணம் ஏது’ என்பது நிறுவனங்களின் பதில். 2014-இன் தொழிலாளர் மேம்பாட்டுச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகள் வேலை பெற உதவும் மாநில மறுவாழ்வுத் துறைகள் தங்கள் கூட்டரசு நிதியில் 15 சதவீதத்தை மாணவர்களின் வேலை முன்தயாரிப்புக்கு ஒதுக்க வேண்டும். பணியிட அனுபவம் அதில் ஓர் அங்கம். மறுவாழ்வுத் துறையோ அதோடு ஒப்பந்தம் செய்த அமைப்போ சம்பளப் பட்டியலில் மாணவரைச் சேர்த்துக்கொண்டு, விபத்துக் காப்பீட்டையும் ஏற்றுக்கொண்டால் நிறுவனத்தின் தயக்கம் பெருமளவு தீரும்.

பெற்றோரின் பயம் வேறு: சம்பளம் வந்தால், குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குக் கூட்டரசு மாதந்தோறும் தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை போய்விடுமோ? 22 வயதுக்குள் உள்ள, பள்ளிக்குச் செல்லும் மாணவருக்குத் தனிச் சலுகை இருக்கிறது. 2025-இல் மாதம் 2,350 டாலர் வரை, ஆண்டுக்கு 9,460 டாலர் வரை சம்பாதித்தது கணக்கிலேயே சேரவில்லை. மணிக்கு 15 டாலர், வாரம் 20 மணி நேரம், 30 வாரம் என்று போட்டால் 9,000 டாலர்தான். அதுவும் கல்வி ஆண்டு இரண்டு காலண்டர் ஆண்டுகளில் பரவுவதால் இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் சலுகை இருக்கிறதே என்று சம்பளச் சீட்டை அனுப்பாமல் இருந்துவிடக் கூடாது. மாதாமாதம், இந்த உதவித்தொகையைத் தரும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குத் தெரிவிக்காவிட்டால், பிறகு ‘கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டு’ என்று கடிதம் வரும்.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை சில. பல தளங்கள், பாடங்களை முடித்திருந்தாலும் டிப்ளமாவை (பள்ளிப் படிப்பு முடித்த சான்றிதழை) வாங்காமல் தள்ளிப்போட்ட மாணவர்களையே எடுக்கின்றன. டிப்ளமா கைக்கு வந்ததும் பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடும் என்பதால், பட்டமளிப்பு விழாவில் மேடையேறினாலும் காகிதத்தை வாங்கும் முன் ஐ.இ.பி. குழுவிடம் பேசிவிடுங்கள். மறுவாழ்வுத் துறையில் பெயர் பதிவது திட்டம் தொடங்கும் முன்பே முடிய வேண்டும். கல்வி ஆண்டு முடிந்து ஜூனில் பதிந்தால் வேலை தேட உதவும் கோச்சுக்குப் பணம் ஒதுக்கும் முன் கோடை கழிந்துவிடும். போக்குவரத்தும் அப்படியே. கடைசிப் பிரிவில் இருக்கும்போதே, பிள்ளை தனியாகப் பேருந்தில் போய்வரப் பழக வேண்டும். பள்ளி வேன் மே மாதத்தோடு நின்றுவிடும், கிடைத்த வேலையோ காலை ஆறரைக்குத் தொடங்கும்.