சாளைக்கு வராத பஸ்ஸும் வாசலில் நிற்கும் காரும்

கொங்கு நாட்டில் பலர் பஸ்ஸை விட்டுக் காரில் போவது ஏன்? கௌரவத்துக்காக என்று சொல்வதுண்டு. முதலில் செலவைப் பார்ப்போம். கோவையிலிருந்து பொள்ளாச்சி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு வழிக்கு 270 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தனியாகப் போகிறவருக்கு இது பஸ் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. நான்கு பேர் குடும்பமாகக் கிளம்பினால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. மாதத் தவணையையும் இன்சூரன்ஸையும் டயர் தேய்மானத்தையும் அந்த ஒரு பயணத்தின் செலவில் யாரும் சேர்ப்பதில்லை. ஆகவே, கார் வாங்கிவிட்ட வீட்டில் பஸ்ஸின் மலிவு எடுபடுவதில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது, தமக்கென வண்டி இல்லாத பெண்களுக்குத்தான் பெருந்துணை.

பணத்தைவிடப் பெரிய காரணம் கொங்கு நாட்டுக் குடியிருப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. ஊருக்குள் நெருங்கி வாழாமல், கிணறும் மாடு கட்டும் கட்டுத்தரையும் உள்ள தோட்டத்திலேயே சாளை எனப்படும் வீடு கட்டிக் குடியிருப்பது இங்குள்ள விவசாயக் குடும்பங்கள் பலவற்றின் நெடுநாள் வழக்கம். பஸ் தார்ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து இட்டேரி வழியே, அதாவது இருபுறமும் வேலி சூழ்ந்த மண்பாதையில், நடந்தாக வேண்டும். கல்யாணத்துக்குப் போய் இரவில் திரும்பும் முதியவர்கள் அந்த நடைக்கு அஞ்சியே காரில் ஏறுகிறார்கள். அதைக் கௌரவம் என்று மட்டும் சொல்வது பாதி நியாயம்தான். இந்த இடைவெளியை நிரப்பவே 1997இல் மினி பஸ்கள் வந்தன, 2025இல் அத்திட்டம் புதுப்பிக்கவும் பட்டது. ஆயினும் கடைசி ட்ரிப் போன பிறகு அவற்றாலும் பயனில்லை.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பும் வேன்களைப் பாருங்கள். நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தாலும் அவை நிரம்பியே வருகின்றன. ஷிப்டு முடியும் நேரத்துக்கு வண்டி நிற்கும் என்ற உறுதி இருப்பதால், கூட்டத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை.

நகரத்துக்குள் நிலைமை வேறு. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. பீளமேடு, ஹோப் காலேஜ் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆளேற்ற வேண்டிய டவுன் பஸ் கீழேதான் போயாக வேண்டும் என்பதால், மேலே மிச்சமாகும் நேரம் பெரும்பாலும் கார்க்காரர்களுக்கே சேர்கிறது. பாலத்துக்குப் பெயரான ஜி.டி. நாயுடுவோ 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர்!

கோவை–திருப்பூர்–ஈரோடு ரயில் தடத்தில் மட்டும் தராசு மறுபக்கம் சாய்கிறது. திருப்பூரில் ஸ்டேஷன் ஊர் நடுவிலேயே இருக்கிறது. காரை நிறுத்த இடம் தேடுவதோ அங்கே பெரும்பாடு. சாளையிலிருந்து மொபெட்டில் வந்து, ஸ்டேஷன் ஸ்டாண்டில் அதை நிறுத்திவிட்டு ரயிலேறுகிறவர்களுக்கு இட்டேரி நடையும் இல்லை, சாலை நெரிசலும் இல்லை. இரவில் திரும்புவதற்கு ரயில் உண்டு என்று தெரிந்தால், கார் வைத்திருப்பவரும் இந்தத் தடத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்.