சேலம், நாமக்கல் பாறைகளுக்கு இந்தக் கல் சோதனைப் பெட்டி தேறுமா?

ஆன்லைனில் கம்பெனிப் பெயர் இல்லாமல் பலரும் விற்கும் பெட்டி இது. உள்ளே மடக்கு லென்ஸ், காந்தம், மெருகில்லாத வெள்ளைப் பீங்கான் தட்டு, அமிலத்துக்குக் காலி சொட்டுப் பாட்டில். இந்தப் பகுதியின் உருமாறிய பாறைகளில் (வெப்பமும் அழுத்தமும் மாற்றிய பாறைகள்) வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி தேறுகிறது.

லென்ஸில் '30 மடங்கு' என்று பொறித்திருப்பதை நம்பாதீர்கள். நிஜமான 30 மடங்கு லென்ஸ் கல்லுக்கு 8 மி.மீ. அருகில் போனால்தான் தெளியும். இது இரண்டரை சென்டிமீட்டரிலேயே தெளிகிறது, ஆக 10 மடங்குதான். களவேலைக்கும் அதுதான் சரி. கிராஃப் தாளில் ஓரக் கோடுகள் வளைந்து தெரிந்தாலும் நடுப்பகுதி சுத்தம். சார்னோகைட்டில் (கிரானைட் போன்ற கருநிறப் பாறை) நீலச் சாயல் குவார்ட்ஸையும் ஹைப்பர்ஸ்தீன் என்ற பழுப்புக் கனிமத்தையும் பிரித்துப் பார்க்கலாம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லைக் கொண்டுவர வேண்டும்.

காந்தம் அருமை. கஞ்சமலை இரும்புக்கல்லில் டப்பென்று ஒட்டுகிறது. பாலிதீன் உறைக்குள் போட்டுப் பயன்படுத்தினால், உறையை உருவியதும் ஒட்டிய துகள் உதிர்ந்துவிடும். சார்னோகைட்டும் லேசாக இழுக்கும்; அதில் சிதறிக் கிடக்கும் மாக்னடைட் (காந்தம் இழுக்கும் இரும்புக் கனிமம்) துகள்தான் காரணம், உடனே தாது என்று துள்ள வேண்டாம்.

பீங்கான் தட்டின் அருமை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் தெரியும் (நிலவு மண்ணுக்கு மாற்றாக இஸ்ரோ அரைத்தெடுத்த அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை இந்தப் பக்கத்துக் கல்தான்). குரோமியத் தாதுவான குரோமைட்டும் மாக்னடைட்டும் பார்வைக்கு ஒரே கறுப்பு. தட்டில் தேய்த்தால் முன்னது பழுப்புக் கோடு, பின்னது கறுப்புக் கோடு. அதே பாறையில் வரும் குருந்தக்கல்லைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி வரும். அது கல்லின் பொடியல்ல, தட்டின் பொடி. கடினத்தன்மை 9 உள்ள கல் தட்டையே அறுத்துவிடும். தட்டு உடைந்தால் வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் துண்டின் பின்பக்கம் போதும்.

அமிலத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் (கால்சியம் கார்பனேட்) உடனே பொங்கும். சேலத்து மாக்னசைட் (மக்னீசியம் கார்பனேட்) அசையாது. 'கார்பனேட் இல்லை' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: பொடித்து, சோதனைக் குழாயில் அமிலத்தோடு போட்டு, குழாயைச் சுடுநீரில் நிறுத்தினால் நுரைக்கும். அதற்கும் முன்னால் கத்தியால் கீறுங்கள். மாக்னசைட்டில் கீறல் விழும், கூடவே நரம்பாக ஓடும் வெள்ளைச் சிலிக்காவில் விழாது.

பெட்டியின் பெரிய குறை, அமிலப் பாட்டிலுக்கும் லென்ஸுக்கும் ஒரே அறை. மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசிந்து முதலில் லென்ஸின் திருகையும் பிறகு காந்தத்தையும் துருவேற்றும். பாட்டிலைத் தனி டப்பாவில் வையுங்கள்.