ஒரே ராத்திரியிலா, படிப்படியாகவா?

புதிய மென்பொருள் வருகிறது, அல்லது வேலை நடக்கும் முறையே மாறப்போகிறது. தேதி குறிக்கிற கூட்டத்தில் எப்போதும் இரண்டு கட்சி இருக்கும். ‘ஒரு வார இறுதியில் மொத்தமாக மாற்றிவிடலாம், வலி ஒரே தடவையோடு போகட்டும்’ என்பார்கள் ஒரு சாரார். ‘முதலில் ஒரு பிரிவில் பார்ப்போம், அப்புறம் மற்றவை’ என்பார்கள் இன்னொரு சாரார். நான் இரண்டு விதமாகவும் மாற்றங்களை நடத்தியிருக்கிறேன். என் சாய்வு படிப்படியான வழியின் பக்கம்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது விட்டுப்போனால் அந்த வழி மற்றதைவிட மோசமாகிவிடும்.

மொத்தமாக மாற்றுவதுதான் சரி என்கிற இடங்களும் உண்டு. சாலையில் இடப்பக்கம் ஓட்டுவதை விட்டு வலப்பக்கம் ஓட்டும் விதிக்கு ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 அன்று மாறியது அப்படிப்பட்டது. ஞாயிறு விடிகாலை 4.50க்குச் சாலையில் இருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மெதுவாக நகர்ந்தன. 5 மணிக்கு மறுபடி கிளம்பின. பழைய விதியும் புதிய விதியும் ஒரே சாலையில் ஒரு நிமிடம்கூடச் சேர்ந்து இருக்க முடியாது என்பதால் அங்கே வேறு வழி இல்லை. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதற்கு முந்தைய நான்கு வருடத்தை மறந்துவிடுகிறார்கள். நாடாளுமன்றம் முடிவெடுத்தது 1963இல். அதற்குப் பிறகு பலகைகள், சந்திப்புகள், பேருந்துகளின் கதவு எந்தப் பக்கம் என்பதுவரை தயார் செய்தார்கள். ஒரே ராத்திரி மாற்றம் சீக்கிரம் முடிகிற வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த நான்கு வருடம்தான் ஞாபகம் வரும்.

அவசியமே இல்லாத இடத்தில் இதே வழியை எடுத்தால் என்ன ஆகும்? பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர்களைப் புதிய கணினித் தளத்துக்கு மாற்றியது. சுமார் 52 லட்சம் பேர். கணக்கு விவரங்கள் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன, தளம்தான் தாங்கவில்லை. எல்லாக் கிளைகளும் பாதிக்கப்பட்டன, ஏராளமானவர்களால் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. நிலைமை சீராக டிசம்பர் ஆனது. 2022இல் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் சுமார் 4.87 கோடி பவுண்டு. வங்கி வாடிக்கையாளர்களைப் பகுதி பகுதியாக நகர்த்தலாம். சாலையைப் போல எதிரெதிரே வந்து மோதிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

தேதியும் முக்கியம். ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில் புதிய மென்பொருள்களை ஒன்றாக ஓடவிட்டது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் அக்டோபர் கடைசிப் பண்டிகையான ஹாலோவீனுக்கான ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரம் அது. கிடங்கில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் திண்டாடினார்கள். உங்கள் தொழிலின் உச்ச மாதம் எது என்று விற்பனைக் குழுவைக் கேட்காமல் தேதி குறிக்காதீர்கள்.

இனி மற்ற வழி. அப்போது தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ் 2008 ஆகஸ்டில் தரவுத்தளக் கோளாறால் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் நின்றது. அதன் பிறகுதான் சொந்த சர்வர்களை விட்டு கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, போக முடிவெடுத்தார்கள். 2016 ஜனவரியில்தான் முடிந்தது, ஏழு வருடம். அவர்கள் பில்லிங்கைக் கடைசியில் வைத்தார்கள். தவறு நடந்தாலும் பெரிய சேதம் வராத இடத்தில் முதலில் பழகிவிட்டு, பணம் புழங்கும் இடத்துக்கு அனுபவத்தோடு போனார்கள். எந்தப் பகுதியை முதலில் தொடுவது என்று குழம்பும் மேலாளருக்கு இந்த வரிசை போதும்.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். நான் பொறுப்பில் இருந்த ஒரு கிடங்கில் இருப்புக் கணக்கு மென்பொருளைப் படிப்படியாக மாற்றிக்கொண்டிருந்தோம். வாராந்திர அறிக்கையில் எல்லாமே பச்சை. ஒரு நாள் சாயங்காலம் சரக்கு வரவு பதிகிற அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வரும் ஒவ்வொரு லோடையும் புதிய திரையில் பதிந்தார். அப்புறம் அதையே பழைய திரையிலும் பதிந்தார், ஏனென்றால் கணக்குப் பிரிவு இன்னும் பழையதிலிருந்துதான் அறிக்கை எடுத்தது. எது எதில் ஏறியது என்று மறக்காமல் இருக்க நடுவில் ஒரு நோட்டு. பழையதற்கு நீல டிக், புதியதற்குச் சிவப்பு டிக். இரண்டும் ஒத்துவராத நாட்களில் மற்றவர்கள் போன பிறகும் உட்கார்ந்து தேடியிருக்கிறார். எங்கள் திட்டத்தில் இதற்கென்று ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

படிப்படியான வழியின் செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கூட்டத்துக்கு வராதவர்கள் அதைச் சுமக்கிறார்கள். ‘கொஞ்ச நாள் இரண்டும் ஓடட்டும்’ என்று சொல்வது மேலாளருக்கு எளிது. அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவு இல்லாவிட்டால் பழையது சாகவே சாகாது. ஆகவே புதியதைத் தொடங்கும் தேதியோடு பழையதை மூடும் தேதியையும் அதே தாளில் எழுதுங்கள். இடைக்காலத்து இரட்டை வேலைக்கு ஆளோ நேரமோ கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால் மொத்தமாக மாற்றுவதைப் பற்றி நிஜமாகவே யோசிக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் படிப்படி என்ற பேச்சே கூடாது. யார் யாருக்குக் கீழே வேலை செய்வது, எந்தப் பதவி இருக்கும், எது போகும் என்பவற்றைத் தவணை முறையில் சொல்லாதீர்கள். முதல் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் அடுத்த பட்டியலுக்காகக் காத்திருப்பார்கள், வேலையில் மனம் ஓடாது, நல்லவர்கள்தான் முதலில் வெளியே வேலை தேடுவார்கள். மென்பொருளைத் துண்டு துண்டாக மாற்றுங்கள், ஆட்களைப் பற்றிய செய்தியை ஒரே நாளில் முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கிடங்கில் கணக்குப் பிரிவையும் உட்காரவைத்துப் பழைய மென்பொருளுக்கு மூடுதேதி குறித்தோம். விஷயத்தைச் சொன்னபோது அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

“அதுக்கப்புறம் ஒரு தடவை பதிஞ்சா போதும்தானே சார்?”

போதும் என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதி வட்டம் போட்டுக்கொண்டார்.