ஊர்வலமா, அட்டைப் போராட்டமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள மெரிபேங்க்கில் காற்று மாசு நெடுநாள் கதை. 2020 டிசம்பர் 4 அன்று பக்கத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் எப்படிக் குரல் கொடுப்பது?

15 பேர் வரை கோரிக்கை எழுதிய அட்டை பிடித்து நின்றால் முன்னறிவிப்பு வேண்டாம். இன்று நாற்றமடித்தால் நாளைக் காலையே சாலையோரம் நிற்கலாம். நடக்க முடியாத பாட்டிமாரும் நாற்காலி போட்டு உட்காரலாம். எனக்கு இதுதான் முதல் வழி.

ஊர்வலமாக 15 பேரைத் தாண்டினால், பொதுக்கூட்டங்களை ஒழுங்குபடுத்தும் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி 7 நாள் முன்பே டர்பன் மாநகராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: பாதை, நேரம், கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர்கள் எத்தனை பேர், எல்லாம். அலைச்சல்தான். ஆனால் ஊர்வலத்தின் முடிவில் அதிகாரி வெளியே வந்து நம் மனுவைக் கையெழுத்திட்டு வாங்கினால், அந்தத் தாளின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்! அப்புறம், தைப்பூசக் காவடி நாளில் மட்டும் ஊர்வலம் வைக்காதீர்கள், ஆள் கிடைக்காது.