படகுக்குள் தண்ணீர்: எந்தச் சோதனை, எந்தப் பசை?

படகின் அடித்தட்டில் தண்ணீர் நிற்பதைக் கண்டதும் பலர் செய்யும் முதல் வேலை, கடைக்குப் போய் ஒரு ட்யூப் சீலன்ட் (கசிவடைக்கும் பசை) வாங்கி வருவது. கண்ணில் பட்ட திருகாணி, விளிம்பு எல்லாவற்றிலும் அதைப் பூசிவிடுகிறார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே அளவு தண்ணீர் நிற்கும். பசையில் குறை இருக்காது. தண்ணீர் வேறு வழியாக வந்துகொண்டிருக்கும். அதனால்தான் இந்த ஒப்பீட்டில் தேடும் முறைகளுக்கே அதிக இடம் கொடுக்கிறேன். வழி தெரிந்துவிட்டால் அடைக்கும் பொருளைத் தேர்வது பெரிய காரியமில்லை.

நான் மனதில் வைத்து எழுதுவது சிம்கோ ஏரி, கவார்த்தா ஏரிகள், ஜோர்ஜியன் குடா என்று ஒன்ராறியோவில் கோடைக்காலத்தில் ஓடும் 18, 20 அடி ஃபைபர்கிளாஸ் படகுகளைப் பற்றி. மே மாத விக்டோரியா தின வார இறுதியில் இறக்கி, ஒக்ரோபரில் நன்றி நவிலல் நாளையொட்டிக் கரையேற்றுவது இங்கே வழக்கம். நன்னீர் என்பதால் ஒரு வசதி நமக்கு இல்லை. கடலென்றால் ஒரு துளியை நாக்கில் வைத்தாலே மழைநீரா, வெளியிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். ஏரியில் இரண்டுக்கும் ஒரே சுவைதான்.

சின்ன ஓட்டைதானே என்று தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு கணக்கு. நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 6 மி.மீ. அகலத்தில் ஒரு திருகாணித் துளை திறந்திருந்தால் மணிக்குச் சுமார் 150 லிட்டர் உள்ளே வரும். அதே ஆழத்தில் 25 மி.மீ. துளை என்றால் நிமிடத்துக்கே 40 லிட்டரைத் தாண்டும். வெள்ளிக்கிழமை மாலைதான் ஆள் வந்து பார்க்கும் படகுக்கு முதலாவதே போதும்.

எப்போது வருகிறது?

"அண்ணை, போட்டுக்குள்ள தண்ணி நிக்குது, எங்கையால வருதெண்டு தெரியேல்லை" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எப்ப வருது?"

டொக்கில் சும்மா கட்டிக் கிடக்கும்போதே வருகிறதென்றால் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பவற்றில்தான் சந்தேகம்: ட்ரெயின் பிளக்கும் (உள்ளே சேரும் தண்ணீரைக் கரையில் வடிக்கும் துளையின் அடைப்பான்) அதைச் சுற்றியுள்ள பித்தளை வளையமும், மீன் காட்டும் கருவியின் சென்சரைப் பின்சுவரில் பிடித்திருக்கும் திருகாணிகள், ஸ்டெர்ன் ட்ரைவ் படகென்றால், அதாவது எஞ்சின் உள்ளேயும் அது சுழற்றும் ட்ரைவ் பின்சுவருக்கு வெளியேயும் இருக்கும் படகென்றால், இரண்டும் இணையும் இடத்தை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை, பெல்லோஸ். எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்தால் குளிர்நீர்க் குழாய்களையும் அவற்றின் கிளிப்புகளையும் பாருங்கள். படகை ட்ரெயிலரில் வைத்து, தண்ணீர் எடுக்கும் வாயில் இயர்மஃப் எனப்படும் ரப்பர் கிண்ணங்களை மாட்டித் தோட்டக் குழாயை இணைத்து எஞ்சினை ஓடவிட்டால் அந்தக் கசிவு கண்ணெதிரே தெரியும். மழைக்குப் பிறகுதான் வருகிறதென்றால் மேல்தளமும் மூடுதுணியும்.

நான்காவது ஒன்றைப் பலர் யோசிப்பதேயில்லை. பின்பக்கம் நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் மட்டும் தண்ணீர் வரும். வழக்கமாக நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் நீச்சல் மேடையின் போல்ட்டுகள் அப்போது தண்ணீருக்குள் போய்விடுகின்றன. பில்ஜ் என்ற அடிப்பள்ளத்தில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் வெளிவாயும் மூழ்கினால், பம்ப் நின்ற பிறகு அதே குழாய் வழியாக ஏரித் தண்ணீர் உள்ளே இழுபட்டு வரும். இதற்குப் பசையே தேவையில்லை. குழாயை உள்ளே உயரமாக ஒரு வளைவு எடுத்துக் கட்டி, வெளிவாயை மேலே ஏற்றிவிட்டால் போதும்.

தேடும் முறைகள்

முறைகள் நான்கு. அவற்றில் இரண்டுக்கிடையில்தான் உண்மையான போட்டி: படகைத் தண்ணீரில் விட்டு உள்ளே பார்ப்பதா, ட்ரெயிலரில் ஏற்றி உள்ளே தண்ணீர் நிரப்பி வெளியே பார்ப்பதா?

முதலாவதற்குப் பொறுமை வேண்டும், செலவில்லை. பில்ஜைப் பஞ்சால் ஒற்றி, துணியால் துடைத்து முற்றாகக் காயவிட வேண்டும். பெட்ரோல் எஞ்சின் உள்ள இடத்தில் வீட்டு வாக்யூமை வைத்து உறிஞ்ச வேண்டாம். அடியில் தங்கியிருக்கும் ஆவிக்கு அதன் மோட்டாரிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். காய்ந்த பிறகு முகப் பவுடரை மெல்லிய படலமாகத் தூவி, அடிக்கூட்டைத் துளைத்துப் பூட்டியிருக்கும் ஒவ்வொரு பொருத்தியைச் சுற்றியும் டொய்லெட் பேப்பரை வளையமாக வைத்துவிட்டு டோர்ச்சுடன் காத்திருக்க வேண்டும். பவுடரில் நத்தை ஊர்ந்ததுபோல் ஒரு கோடு விழும். அதைப் பின்னோக்கித் தொடர்ந்தால் வாசல் தெரியும். படகு உண்மையில் இருக்கும் நிலையிலேயே, உண்மையான திசையில், உண்மையான அழுத்தத்தில் நடக்கும் சோதனை இது ஒன்றுதான். கை எட்டாத இடத்தில் ஒன்றும் தெரியாது என்பது இதன் பலவீனம். பல படகுகளில் தரைப்பலகைக்குக் கீழே நுரை நிரப்பியிருப்பார்கள். கோடு அந்த நுரைக்குள்ளிருந்து புறப்பட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது முறை அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ட்ரெயிலரில் படகை நேராக நிறுத்தி, பில்ஜில் எண்ணெய்க் கறை இருந்தால் முதலில் உறிஞ்சு பட்டியால் துடைத்தெடுத்து, தோட்டக் குழாயால் மெதுவாக நிரப்புங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் நனையக் கூடாது. 10, 15 செ.மீ. உயரம் தாராளம். ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. ட்ரெயிலரின் தாங்குபலகைகள் அடிக்கூட்டைச் சரியாக ஏந்தியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே தண்ணீரைத் திறக்க வேண்டும். வெளிப்புறம் காய்ந்திருந்தால் வெடிப்பு எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் அங்கே ஒரு முத்து திரளும். மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டு, இரவு முழுக்க விட்டுக் காலையில் மறுபடி பாருங்கள். நுரையைக் கடந்து வரும் கசிவுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அடிக்கூட்டு வெடிப்புக்கும் பிளக் வளையத்துக்கும் சென்சர் திருகாணிகளுக்கும் இந்த இரண்டாவது முறையைத்தான் நான் முதலில் சொல்வேன். வெளியே நின்று முழு அடிப்பகுதியையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். ஆனால் இது சொல்லும் எல்லாவற்றையும் அப்படியே நம்பக் கூடாது. உள்ளே 10 செ.மீ. தண்ணீர் தரும் அழுத்தம், வெளியே 30 செ.மீ. ஆழம் தருவதில் மூன்றிலொரு பங்குதான். தாங்குபலகை அழுத்தும் இடத்தில் வெடிப்பு மூடிக்கொள்ளலாம். பெல்லோஸ் வரைக்கும் இந்தத் தண்ணீர் போகவே போகாது. ட்ரெயிலரில் ஒரு சொட்டும் விழாமல், ஏரியில் இறக்கியதும் உள்ளே ஈரம் தெரிந்தால் என் சந்தேகம் நேராக ஸ்டெர்ன் ட்ரைவ் பக்கம் திரும்பும்.

மூன்றாவது, குழாயடித்துப் பார்ப்பது. மழைக்கசிவுக்கு இதுவே போதும். கீழிருந்து மேலே, ஓரிடத்தில் சில நிமிடம், பிறகு அடுத்த இடம். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும்; எது குற்றவாளி என்று தெரியாது. ஸ்கீ லொக்கர், ஐஸ் பெட்டியின் வடிகால் போன்றவற்றில் கேக்குக்குப் போடும் உணவு நிறம் சில துளி விட்டுப் பாருங்கள். பில்ஜில் சிவப்பாக வந்தால் வழக்கு முடிந்தது.

காற்றடித்துச் சோப்பு நுரை பூசிப் பார்க்கும் முறையும் உண்டு. மேல்தளமும் அடிக்கூடும் சேரும் பக்கவிளிம்பைச் சோதிக்க நல்லது. கூடம் முழுதும் மூடிய படகுக்குச் சரி, திறந்த படகில் காற்று நிற்காது.

பம்பைப் பற்றி

பெரிய பில்ஜ் பம்ப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. பம்ப் உயிர் காக்கும் கருவி. அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது கசிவுக்குப் பரிகாரம் ஆகாது. பெட்டியில் மணிக்கு 500 கலன் என்று எழுதியிருப்பது தண்ணீரை மேலே தூக்கும் உயரத்தையும் குழாயின் வளைவுகளையும் கணக்கில் எடுக்காத எண். மின்கலம் இறங்கியதும் அதுவும் இல்லை. மின்பம்ப் எவ்வளவு பெரிதானாலும், கனடாவில் இந்த அளவுப் படகில் கைப்பம்போ, குறைந்தது 750 மி.லி. கொள்ளும் இறைக்கும் கலமோ இருக்க வேண்டும்.

எந்தப் பசை?

சிலிக்கோன் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே அதை வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அது பிடி விடுவதைவிடப் பெரிய சிக்கல், சுரண்டி எடுத்த பிறகும் தங்கிவிடும் படலம். அதன் மேல் வேறெந்தப் பசையும் பெயிண்டும் ஒட்டாது. அடுத்து ஒழுங்காக வேலை செய்ய வருபவருக்கு அது பெரிய தொல்லை.

உண்மையான தேர்வு பொலியூரித்தேன் வகையில் இரண்டுக்கிடையே: 3எம் நிறுவனத்தின் 5200, 4200. இரண்டும் நீர்மட்டத்துக்குக் கீழே நிற்கும். 5200 ஒட்டினால் ஒட்டியதுதான்; கழற்றப் போனால் பசைக்கு முன் ஃபைபர்கிளாஸின் மேற்பூச்சு பெயர்ந்து வரும். முழுதாக இறுக 5 முதல் 7 நாள் எடுக்கும். 4200 அதைவிட வலுக் குறைந்தது, வேண்டிய நேரத்தில் வெட்டிக் கழற்றலாம். கடைக்காரர்கள் பலர் 5200ஐ முதலில் நீட்டுவது வலு அதிகம் என்பதால். ஆனால் சென்சர் ஒரு நாள் பழுதாகும், வளையம் அரிக்கும், பொருத்தி மாற வேண்டிவரும். ஆணியும் போல்ட்டும் பிடித்திருக்கும் பொருளுக்குப் பசை செய்ய வேண்டிய வேலை தண்ணீரை மறிப்பது மட்டுமே. அதற்கு 4200 போதும். 5200ஐ நான் ஒதுக்கி வைப்பது, இனி எந்தக் காலத்திலும் பிரிக்கப் போவதில்லை என்ற இணைப்புகளுக்கு.

பொலிசல்ஃபைட் என்ற இன்னொரு வகைப் பசை மரத்துக்கு அருமையானது. அக்ரிலிக் கண்ணாடியைக் கெடுக்கும். மேல்தளத்துக் கொக்கிகளுக்கும் கைப்பிடிகளுக்கும் பியூட்டில் டேப் என்ற ஒட்டும் ரப்பர் நாடாவைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கை அழுக்காகாது, பல ஆண்டு இறுகாமல் இருக்கும், தண்ணீருக்குள் மட்டும் வேண்டாம்.

பசை எதுவானாலும் திருகாணியைக் கழற்றும் கணத்தைக் கவனியுங்கள். துளை காய்ந்திருந்தால் நிம்மதி. தேநீர் நிறத்தில் ஒழுகினால் பின்சுவருக்குள் இருக்கும் பிளைவூட் ஊறி உக்கத் தொடங்கிவிட்டது. அந்தத் துளையைப் பசையால் அடைப்பது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதாகும். துளையைப் பெரிதாக்கி, மென்மையான மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, கெட்டியாக்கிய எபொக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் புதிதாகத் துளையிட வேண்டும். அப்போது திருகாணி கடிப்பது எபொக்சியை. மரத்துக்குத் தண்ணீர் போக வழியில்லை.

ஜோர்ஜியன் குடாவின் கருங்கற்பாறை அடியைக் கிழித்திருந்தால் கேள்வி எபொக்சியா, பொலியெஸ்டர் ரெசினா என்று மாறும். படகு கட்டப்பட்டது பொலியெஸ்டரில்தான், விலையும் குறைவு. ஆனால் பழைய, இறுகிய ஃபைபர்கிளாஸின் மேல் பிடிப்பதில் எபொக்சி தெளிவாக முந்துகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே நான் அதையே எடுப்பேன். வெடிப்பின் இருபுறமும் தடிப்பைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது பலரும் குறுக்கும் படி. 3 மி.மீ. தோலுக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. தேய்த்தால்தான் புதிய அடுக்குக்குப் போதிய பிடி கிடைக்கும்.

பெல்லோஸ்: வீட்டிலா, மரீனாவிலா?

மேலே சொன்ன எல்லாவற்றையும் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். பெல்லோஸ் வேறு ரகம். மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும்; டொக்கில் கிடக்கும் படகுகளில் மஸ்க்ராட் என்ற நீரெலி கடித்த தடமும் இருக்கலாம். ட்ரைவைத் தூக்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் மடிப்பு ஒரே இடத்தில் நசுங்கி அங்கேயே பிளக்கும். இறக்கி வைப்பதே நல்லது. மாற்றுவதற்கோ முழு ட்ரைவையும் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது எஞ்சினின் நேர்கோட்டை அதற்கான தண்டால் சரிபார்க்க வேண்டும். அந்தத் தண்டும் பழகிய கையும் இல்லாதவர்கள் மரீனாவுக்குக் கொடுப்பதே சரி. இந்த ரப்பர் கிழிந்தால் ஒரே இரவில் படகு டொக்கிலேயே மூழ்கும்.

இலையுதிர்காலத்திலேயே முடிப்பதா, வசந்தத்துக்கு விடுவதா என்ற கேள்விக்கு வேலையைப் பிரித்துச் செய்வதே என் பதில். கசிவைக் கண்டுபிடிப்பதும், பொருத்திகளைக் கழற்றி மரத்தைக் காயவிடுவதும் ஒக்ரோபருக்கு உரியவை. ஊறிய மரத்தில் நிற்கும் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஒரு குளிர்காலம் சின்ன வெடிப்பைப் பெரிதாக்கிவிடும். எபொக்சிக்கோ இங்கத்தைய ஒக்ரோபர் இரவுகள் குளிர் அதிகம், சூடாக்கிய கராச் இல்லாதவர்கள் மே மாதம் வரை பொறுக்கலாம். அதுவரை முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, பிளக்கைக் கழற்றி விட்டால் உள்ளே சேரும் தண்ணீர் தானாக வடியும். கழற்றிய பிளக்கைப் படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.