கையெழுத்திடும் ஆக்சுவரி யார் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்

ஆக்சுவரியல் கன்சல்டிங்கில், அதாவது காப்பீடு, ஊழியர் பணப்பலன் போன்றவற்றின் எதிர்காலச் செலவைக் கணித்துத் தரும் ஆலோசனைத் தொழிலில், முதல் வேலை தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். புள்ளியியல் படித்து, ஆக்சுவரித் தேர்வில் இரண்டு மூன்று தாள்களை முடித்துவிட்டு, எந்தக் கதவு திறந்தாலும் நுழைந்துவிடலாம் என்று இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

சென்னையில் நான் சேர்ந்த சிறிய நிறுவனம் நேர்முகத் தேர்வில் அள்ளிக் கொடுத்தது. ஆயுள் காப்பீட்டு மதிப்பீடு, காப்பீட்டு ஒப்பந்தங்களுக்கான பன்னாட்டுக் கணக்கியல் விதியான ஐஎஃப்ஆர்எஸ் 17, சம்பளத்துடன் படிப்பு விடுப்பு, தேர்வுக் கட்டணம் எல்லாம் உண்டு என்றார்கள். நியமனக் கடிதத்தில் இருந்ததோ ‘நிறுவனக் கொள்கைப்படி’ என்ற ஒரு வரி. அந்தக் கொள்கையைக் கடைசிவரை யாரும் கண்ணில் காட்டவில்லை.

கிடைத்தது கிராஜுவிட்டி (பணிக்கொடை) மதிப்பீடு மட்டும். அதை மட்டமான வேலை என்று சொல்ல மாட்டேன். சட்டப்படி ஊழியர்களுக்குத் தர வேண்டிய தொகையின் இன்றைய மதிப்பை ஏஎஸ் 15 அல்லது இண்ட் ஏஎஸ் 19 என்ற இந்தியக் கணக்கியல் விதிப்படி கணக்கில் காட்டியாக வேண்டும். அரசுக் கடன்பத்திர வருவாயை ஒட்டி எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்க எந்தத் தள்ளுபடி விகிதத்தை எடுப்பது, சம்பளம் ஆண்டுக்கு எவ்வளவு உயரும், எத்தனை பேர் இடையில் விலகுவார்கள் என்று முடிவெடுப்பதில்தான் தொழிலே இருக்கிறது. அதை மட்டும் எங்களைத் தொடவிடவில்லை. அந்த எண்கள் பூட்டிய எக்செல் கோப்பில் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளர் அனுப்பும் ஊழியர் பட்டியலைச் சரிசெய்வதே எங்கள் பாடு: நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகள், ஒரே எண்ணில் இரண்டு ஊழியர்கள், பிறப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்ட பெரியவர்கள்.

அலுவலகத்தில் தகுதி பெற்ற ஆக்சுவரி ஒருவர்கூட இல்லை. அறிக்கையில் கையெழுத்திட்டவர் வேறு ஊரில் இருந்தார். அவருடன் பேசும் வாய்ப்பே எங்களுக்கு இல்லை. நான் எழுதிவந்தது இங்கிலாந்து ஆக்சுவரிகள் அமைப்பின் தேர்வுகள். அங்கே தாள்களில் தேறினால் மட்டும் போதாது, பணியில் என்ன கற்றோம் என்பதையும் பதிவுசெய்து காட்ட வேண்டும். தேதிகளைத் திருத்தியதை எத்தனை முறைதான் எழுதுவது?

ஏப்ரல் மாதம் வந்ததும் சாயம் வெளுத்தது. மார்ச் 31 கணக்கு முடிந்தவுடன் தணிக்கையாளர்கள் அறிக்கை கேட்டு நெருக்குவார்கள்; அந்த அமைப்பின் ஒரு தேர்வுப் பருவமும் ஏப்ரலில்தான். படிப்பு விடுப்பு ரத்து. மின்னஞ்சலில் கேட்டால் பதில் தொலைபேசியில் வரும். கட்டணமும் தேறினால்தான் என்றார்கள். தேறிய பிறகு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள்.

விலகியபோது ‘பயிற்சிச் செலவு’ என்று பெரிய தொகை கேட்டு, அனுபவச் சான்றிதழை நிறுத்திவைத்தார்கள். அங்கே யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிவைத்த தொகைக்கு மிகாமல், நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. அதைச் சுட்டி வழக்கறிஞர் கடிதம் அனுப்பிய பிறகு சான்றிதழ் வந்தது. தேர்வுக் கட்டணம் வரவில்லை.

ஆகவே, கையெழுத்திடுபவரின் பெயரைக் கேளுங்கள். இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் உறுப்பினரா, தொழில் நடத்தும் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் விடாதீர்கள். அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு அண்மையில் தேறியவர் ஒருவருடன் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அப்படி ஒருவரைக் காட்ட முடியாத இடம் வேண்டாம். பெரிய பன்னாட்டு நிறுவனமானாலும் எந்தக் குழுவில், யாருக்குக் கீழ் என்று கேட்கத்தான் வேண்டும். படிப்பு விடுப்பு எத்தனை நாள், ஏப்ரலிலும் கிடைக்குமா என்பது நியமனக் கடிதத்திலேயே இருக்கட்டும்.